தலைகீழாகப் புதைத்த சூசையப்பர்கள்

லியோ ருட்கோவ்ஸ்கி தம் மனைவியின் தம்பி எட்டிக்கு முப்பத்தோராயிரம் டாலர் கடன்பட்டிருந்தார். ஈஸ்டருக்குள் தராவிட்டால் தாம் குடியிருக்கும் வீடே எட்டியின் பெயருக்குப் போகும் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

அந்தப் பணத்தில் வாங்கியது, பால்டிமோர் துறைமுகத்துக்கு நாலு தெரு தள்ளி, இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டிய ஒரு பழைய செங்கல் வீடு. பழசை வாங்கிப் புதுப்பித்து லாபத்துக்கு விற்பதுதான் அவர் தொழில். ஆறாம் வகுப்போடு நின்றவர். பதினாலு வயதில் சாந்துச் சட்டி சுமந்தவர். அறுபத்தாறு வயதுக்குள் இருபத்திரண்டு வீடு விற்றாயிற்று, ஒன்றுகூட ஒழுகியதில்லை. சுவரை விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே ஈரமா எலியா என்று சொல்லிவிடுவார். படித்த என்ஜினீயர்கள் கருவி வைத்து அரைநாள் பார்த்துவிட்டு அதையேதான் சொல்வார்கள்.

இந்த வீட்டுக்கும் அவர் குறை வைக்கவில்லை. எவனோ முகப்பில் பூசியிருந்த போலிக் கல்லைப் பெயர்த்தெறிந்து, உள்ளே மூச்சுமுட்டிக் கிடந்த செங்கல்லை வெளியே கொண்டுவந்தார். சமையலறையின் நடுச்சுவரை எடுத்தார். மாடியில் இன்னொரு குளியலறை போட்டார். ஜனங்கள் வீட்டையா வாங்குகிறார்கள், குளியலறையை அல்லவா வாங்குகிறார்கள்!

விலைக்கு வந்த வீட்டை ஞாயிறு மதியம் ஒரு மணிக்குத் திறந்து வைப்பார்கள். யாரும் வந்து பார்க்கலாம். இந்த வீடு இன்னும் விலைக்கு வரவே இல்லை. ஆனாலும் ஒரு ஞாயிறு, லியோ தனியாகச் சமையலறையில் தரை ஓடு பதித்துக்கொண்டிருக்கையில், சரியாக ஒரு மணிக்கு மாடிப்படியில் காலடி கேட்டது. இரண்டு பேர். ஒருத்திக்குக் குதிகால் செருப்பு. மேலே அலமாரி திறந்தது, மூடியது. குழாய் ஓடி நின்றது. காலடிகள் இறங்கி வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றன. மழையில் நனைந்த கம்பளிக் கோட்டு வாசனை.

"வேலை முடியல. அடுத்த மாசம் வாங்க," என்றார் திரும்பாமலே.

கரண்டியைக் கீழே வைத்தார். திரும்பினால் ஆள் இல்லை. படிகளில் மாவுபோலப் படிந்த தூசியில் ஒரு தடம் இல்லை. மாடிக் குளியலறைத் தொட்டி மட்டும் ஈரமாக இருந்தது.

நாலு ஞாயிறு இப்படிப் போயிற்று. அவர் யாரிடமும் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தார்.

வேலை முடிந்தபோது ஈஸ்டருக்கு ஆறு வாரம் இருந்தது. மனைவி வாண்டா, ஏசுவின் வளர்ப்புத் தகப்பன் சூசையப்பரின் சின்னச் சிலை ஒன்றைக் கையில் திணித்தாள்.

"கொல்லையில தலைகீழாப் புதைங்க, வீடு சீக்கிரம் வித்துடும். வித்ததும் தோண்டி நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துடணும்."

"என் கைவேலை விக்காததையா இந்தப் பொம்மை விக்கப்போவுது?"

"இருபத்திரண்டுக்கும் உங்களுக்குத் தெரியாம நான்தான் புதைச்சேன். பேசாம போங்க."

கொல்லையில் மண் தோண்டிய கரண்டி எதிலோ இடித்தது. ஒரு சூசையப்பர். பக்கத்தில் இன்னொருவர். மொத்தம் ஏழு பேர், எல்லோரும் தலைகீழாக.

வேலிக்கு அப்பால் துணி காயவைத்துக்கொண்டிருந்த டொலோரஸ் கிழவி எட்டிப் பார்த்தாள். "ஒம்பது வருஷத்துல ஏழு பேரு வித்துட்டுப் போனாங்க, கண்ணு. ஞாயித்துக்கிழமையானா யாரோ வீடு பாக்க வர்றாங்கன்னு அலறிக்கிட்டு. காசு வந்ததும் ஒருத்தரும் தோண்டல. பாவம், சூசையப்பரு மண்ணுக்குள்ள கெடந்து இன்னும் ஆளக் கூட்டியாந்து வித்துக்கிட்டே இருக்காரு."

லியோ கையிலிருந்த சிலையைப் பார்த்தார். ஆனால் வீடு விற்றாக வேண்டுமே! எட்டாவதையும் புதைத்து மண்ணை மூடினார்.

அடுத்த ஞாயிறே பேருந்து ஓட்டும் மார்லீன் வந்து பார்த்தாள், சொன்ன விலைக்கே சம்மதித்தாள். "இனி என்னை இங்கேருந்து சவப்பொட்டியிலதான் தூக்கணும், மிஸ்டர் லியோ," என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவரைத் தூங்கவிடவில்லை. பத்திரம் முடியும் முன் தோண்டினால் அவள் மனம் மாறலாம். சொந்த வீடு போய்விடும். பத்திரம் முடிந்துவிட்டால் அது அவள் கொல்லை, சாவியும் அவளிடம். தோண்டாவிட்டால் வருடத்துக்குள் அவளும் ஓடுவாள். லியோ கைவைத்த வீட்டில் ஆள் நிலைக்கவில்லை என்று ஊர் பேசவா? பத்திரத்துக்கு முந்தின நாளே எட்டுப் பேரையும் தோண்டி, கழுவி, தம் வீட்டுக்குக் கொண்டுவந்து மாடி அறையில் வரிசையாக நிறுத்தினார்.

"நம்மளது ஒண்ணு போதாதா? ஊரார் சாமியெல்லாம் எதுக்கு?" என்றாள் வாண்டா.

"குப்பையிலயா போடச் சொல்றே?"

மறுநாள் பத்திரம் எழுதும் இடத்துக்கு மார்லீன் இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். அதற்குள் லியோ நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்திருந்தார். வந்தவள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தைய குருத்து ஞாயிறு மதியம் எட்டி லியோவின் வீட்டுக்கு வந்தான். "காசோலையெல்லாம் வேணாம் மச்சான். நீங்க எழுதற எழுத்து பேங்குக்குப் புரியாது."

லியோ பத்தாயிரம் டாலர் கட்டு மூன்றை மேசைமேல் வைத்தார். மிச்ச ஆயிரத்துக்கு நூறு டாலர் தாள் பத்து. மணி ஒன்று அடித்தது. மாடியில் அலமாரி ஒன்று திறந்தது, மூடியது.

"அக்கா மேலயா இருக்கு?"

"கோயிலுக்குப் போயிருக்கா."

குழாய் ஓடி நின்றது. சூசையப்பர்களோடு கூடவே வந்துவிட்ட அதே குதிகால் செருப்பு படியில் இறங்கத் தொடங்கியது. எட்டி வெளிறிப்போய் எழப் பார்த்தான்.

"உக்காருடா. கையை நீட்டு."

எட்டி மாடிப்படியைப் பார்த்தபடியே உள்ளங்கையை விரித்தான். லியோ படிப்பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமாகச் சொல்லி, பத்துத் தாளையும் ஒவ்வொன்றாக அதில் எண்ணி வைத்தார்.