லூசியின் கார் மெஷினும் ஓட்டுநர்களின் தீர்ப்பும்

லூசிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு கார் பந்தயத்தின் வளைவுகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். புதுச்சேரியில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் பதினோரு வருஷம் டோக்கன் கொடுத்தவள். அங்கே இருந்த மெஷின்களில், சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிற கார் மெஷினுக்குத்தான் எப்போதும் கூட்டம். "உலகம் பூரா ஓடுன ஆட்டம்மா இது. வந்த புதுசுல வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் புகழ்ந்து எழுதுச்சு" என்பார் முதலாளி. கூடத்தை மூடியபோது லூசி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் கணவர் சவரிமுத்து நடத்தும் கூல்டிரிங்க்ஸ் கடையில் கொண்டுவந்து வைத்தாள்.

உலகம் புகழ்ந்ததைக் கள்ளக்குறிச்சி புகழவில்லை. பையன்கள் கையில் போன் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆசையாக உட்கார்ந்தவர்கள் ஷேர் ஆட்டோ, கரும்பு டிராக்டர், மலை ஜீப் ஓட்டுகிறவர்கள். அவர்கள் ஒருவர் விடாமல் தோற்றார்கள்.

"இன்னாக்கா வண்டி இது? சீட்டு மட்டும்தான் நல்லா இருக்குது" என்றாள் ஷேர் ஆட்டோ ஓட்டும் எழில்மதி.

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் அம்மாசி இன்னும் ஒருபடி மேலே போனார். "இதச் செஞ்சவன் லைசென்ஸே வாங்கியிருக்க மாட்டான்."

நாலு பேர் பார்க்கத் தோற்ற ஓட்டுநர் மறுபடி வருவாரா? தான் வராததோடு மற்றவர்களையும் வரவிடவில்லை.

"ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன் லூசி" என்றார் சவரிமுத்து. "அப்புறம் இத இரும்புக் கடைக்குப் போட்டுட்டு, அந்த எடத்துல கரும்பு ஜூஸ் மெஷின் வச்சே ஆவணும். வெயில் காலத்த வுட்டா போச்சு."

"ஜனம் வரும்ங்க."

"வரும். ஜூஸ் குடிக்க வரும்."

லூசி அன்று ராத்திரி மெஷினை இன்னொரு தடவை துடைத்து வைத்தாள். வீட்டுக்கு அவள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த பொருள் அது ஒன்றுதான்.

சந்தை நாளன்று, ஜீப்புக்கு ஆள் சேரும்வரை பொழுது போகாமல் அம்மாசி மறுபடி உட்கார்ந்தார். புதுச்சேரியில் லூசி கவுண்டரிலிருந்து ஆடுகிறவர்களின் முதுகையும் திரையையும்தான் பார்த்திருக்கிறாள். இன்று பக்கத்தில் நின்றாள். வளைவு வரும்போதெல்லாம் அம்மாசியின் உள்ளங்கை ஸ்டியரிங்கின் நடுவில் போய் அமுக்கியது. சத்தம் வராததால் உடனே கால் பிரேக்குக்குப் போனது. மற்ற கார்கள் எல்லாம் அவரைத் தாண்டிப் போயின.

"அண்ணே, அங்க இன்னாத்த அமுத்துறீங்க?"

அம்மாசி தன் கையைத் தானே பார்த்தார். "ஹாரன்மா. பெண்டுல ஹாரன் அடிக்காம எப்படித் திருப்புறது? மேலேர்ந்து பஸ் எறங்குனா?"

"இதுல எதுர்ல யாருமே வர மாட்டாங்கண்ணே. எல்லாம் ஒரே பக்கமாத்தான் போவுது."

"அது ஒனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியுமா?"

லூசி நேரே ஆட்டோ எலக்ட்ரீஷியன் கொளஞ்சியப்பனிடம் போனாள். பழைய ஜீப் ஹாரன் ஒன்று, ஒரு பேட்டரி, ஸ்டியரிங் நடுவில் ஒட்ட ஒரு பட்டன்.

"யக்கா, இத அடிச்சா படத்துல இருக்குற காரு ஒதுங்குமா?"

"ஒதுங்காது."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"நீ மாட்டுப்பா."

ஹாரனை மாட்டியது ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று என்று சிலர் சொல்வது தவறு. ஞாயிற்றுக்கிழமை லூசி கோயிலில் இருந்தாள். மாட்டியது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. அன்று மாலை அம்மாசி உட்கார்ந்து அடித்த முதல் ஹாரனில் அலமாரிப் பாட்டில்கள் கிணுகிணுத்தன. வளைவுக்கு வளைவு கை அடித்தது. கால் பிரேக்கை மறந்தது. பந்தயத்தை ஜெயித்துவிட்டு எழுந்தவர், "இப்பத்தான்மா இது வண்டி!" என்று கத்தினார்.

மறுநாள் எழில்மதியும் ஜெயித்தாள். ஆட்டோ ஏறினவர்களிடமெல்லாம் தீர்ப்பு சொன்னாள்: "ஹாரன் சூப்பர். பிரேக்கு சுமார். ரோடு நம்ம ரோட்ட வுட எவ்ளோ மேலு."

அந்த வாரம் ஓட்டுநர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுப் பையன்கள் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் சண்டைக்கு வந்தார். கொளஞ்சியப்பன் ஹாரனுக்குத் துணி சுற்றிச் சத்தத்தைக் கம்மி பண்ணினான்.

நல்லாத்தூருக்குத் தங்கை வீட்டுக் கல்யாண வேலையாக ஹாரன் மாட்டும் முன்பே போயிருந்த சவரிமுத்துவுக்கு இது எதுவும் தெரியாது. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை, இரும்புக் கடைக்காரர் அனுப்பிய மினி லாரியோடு வந்து இறங்கினார். லாரி ஓட்டி வந்தவன் முன்னால் உள்ளே போனான். சவரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது, ஒரு பையன் எழுந்த இடத்தில் அவன் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இத ஏத்திக்கினு போவத்தான் ஒன்ன கூப்டேன்."

"இருங்க சார், இந்த ஒரு பெண்டு." பாம்!

"யோவ், அவன் வரிசைய தாண்டிப் பூந்துட்டான்!" என்று பின்னாலிருந்து எழில்மதி கத்தினாள். பிறகு சவரிமுத்துவைப் பார்த்து, "சார், மெஷின தூக்கறதுன்னாலும் கடைசில நின்னு தூக்குங்க" என்றாள். கடையே சிரித்தது.

சவரிமுத்து வரிசையைப் பார்த்தார். நின்றவர்கள் கையிலெல்லாம் அவர் கடைக் கூல்டிரிங்க்ஸ். லூசியைப் பார்த்தார். அவள் இன்னொரு பாட்டிலைத் திறந்து யாருக்கோ நீட்டினாள்.

அவர் போனை எடுத்து, இரும்புக் கடைக்காரரிடம் வேண்டாம் என்றார். "ஜூஸ் மெஷின வாசல்ல போட்டுக்கலாம் லூசி" என்று சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார்.

"வழி வுடுங்கப்பா, நான் கடைக்காரன்."

ஒருத்தரும் விடவில்லை. வரிசைக் கடைசியில் அம்மாசிக்குப் பின்னால் போய் நின்றார்.