பளீலா அடித்த பழரசம்

1990ஆம் ஆண்டு, மாரிமழை தொடங்கிய நாள்களில்தான் பளீலாவை நான் முதன்முதலாகக் கண்டேன். மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்திறங்கி, அங்கிருந்து லொறிகளில் எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். கனமூலையில் நான் தமிழ் கற்பித்த பாடசாலையும் அவர்களுக்காகத் திறந்துவிடப்பட்டது. வாங்குகளை ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றின் மேல் குழந்தைகளைக் கிடத்தியிருந்தார்கள். கரும்பலகையின் கீழே ஓர் இளம்பெண் வாளியொன்றில் தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தார். சீனியை யார் கொடுத்தார்கள், தேசிக்காய் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்பதற்குள் ஒரு தகரக் கோப்பை என் கைக்கு வந்துவிட்டது. மழையில் நனைந்து வந்தவளுக்குக் குளிர்பானம் எதற்கு என்று சிரித்தேன்.

"வந்தவங்களுக்கு ஒண்டும் குடுக்காம இருக்க ஏலா டீச்சர். எங்கட்ட இப்ப இதான் இரிக்கி" என்றார்.

அந்த அறையில் வந்தவர் அவர், இருந்தவள் நான். அதை அவர் மாற்றிச் சொன்னதாக அப்போது எனக்குத் தோன்றியது. அவரை நன்றாக அறிந்த பின்னர்தான், அவர் இருக்குமிடத்துக்கு யார் வந்தாலும் அவருக்கு அவர்கள் விருந்தினர்களே என்பது விளங்கிற்று.

பளீலாவின் கணவர் றவூபுக்கு முந்தலில் உள்ள ஓர் இறால் பண்ணையில் வேலை கிடைத்தது. என் வீட்டிலிருந்து இரண்டு வளவு தள்ளி ஒரு துண்டுக் காணி வாங்கி, முதலில் ஓலையாலும் பின்னர் கல்லாலும் வீடு கட்டினார்கள். முஸம்மில் அங்கேதான் பிறந்தான். எல்லாம் ஒருவாறு நிலைபெற்ற வேளையில் றவூபின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன. இரத்தத்தைச் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கு அவரை வாராவாரம் அழைத்துச் சென்றவர் பளீலாவே. விடியற்காலை பஸ்ஸில் ஏறிப் போய், மாலையில் கணவரின் தலையைத் தம் தோளில் சாய்த்தபடி திரும்பி வருவார். வீட்டு வாசலில் என்னைக் கண்டால், அந்தக் களைப்பிலும், "இரிங்க டீச்சர், ஏதாவது கலக்கித் தாறன்" என்பார். அந்த இயந்திரத்திலேயே ஒரு நாள் றவூப் கண்ணை மூடினார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு பளீலாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தது. அதைத் தொடர்ந்து, சிறுநீரகங்களில் பாதி போய்விட்டதாகக் கிளினிக்கில் சொன்னார்கள். அன்று அவர் அழவில்லை. என் கையை மட்டும் பற்றிக்கொண்டார்.

"என்னை வெட்டிப் போட்டாலும் பரவால்ல டீச்சர். அந்த மெசினுக்கு மட்டும் கொண்டு போக வாணாம்" என்றார்.

அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் அந்த இயந்திரத்துக்குத் தப்புவதற்கான வாழ்க்கையாகவே இருந்தது. கருவாட்டைக் கையாலும் தொடுவதில்லை. கந்தூரிச் சோற்றிலும் கறியை ஒதுக்கிவிட்டு வெறுஞ்சோறு தின்பார். வளவின் மூலையில் சடை சடையாகக் காய்த்து நின்ற அம்பரெல்லா மரத்தை ஒரு நாள் ஆளை அழைத்து அடியோடு வெட்டுவித்தார். கிளினிக்கில் அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். கண்ணெதிரே நின்றால் நாக்கு கேட்காதாம். அயலவர்கள் அச்சாறுக்குக் காய் போய்விட்டதே என்று வருந்தினார்கள். அவருடைய மனவுறுதியை எண்ணி நான் வியந்தேன்.

முஸம்மில் கட்டாரிலிருந்து திரும்பியபோது பழம் அரைக்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தான். அன்றுமுதல் தேசிக்காயும் வாளியும் ஓய்வு பெற்றன. நாங்கள் இருவரும் ஓயாமல் வாதாடிய ஒரே விடயமும் அந்த இயந்திரத்தோடுதான் வந்தது. அவர், "ஜூஸ் அடிக்கிறன்" என்பார். ஆடு மாட்டை அடிப்பது போலப் பழத்தை அடிப்பதா என்று நான் கேட்பேன். பழரசம் பிழிதல் என்று சொல்லிக் கொடுப்பேன்.

"இதுக்குள்ள எங்க டீச்சர் பிழியிற? சத்தத்தக் கேளுங்க, அடிக்கிறதான்" என்பார் அவர்.

அவருடைய பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அவருடைய முறை மிகவும் எளியது. பப்பாசியையோ அன்னாசியையோ துண்டுதுண்டாக வெட்டி, விரல்நுனி அளவு இஞ்சியும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, வளவில் பறித்த செவ்விளநீரை அதன்மேல் ஊற்றுவார். மூடியை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "யா அல்லாஹ், கரண்ட் போயிடாம" என்று சொல்லிச் சுவிட்சைப் போடுவார். வடிகட்டுவதில்லை, வடித்தால் பழத்தின் உயிர் போய்விடும் என்பார். பாடசாலை விட்டு வரும் பேரப்பிள்ளைகள் சப்பாத்தைக் கழற்றி முடிப்பதற்குள் கிளாசுகள் நிரம்பியிருக்கும். மருமகள் நிஃப்லா, "மாமிக்கு ஜூஸ் கடை போட்டுக் குடுத்தா நாங்கள் எல்லாரும் இருந்து தின்னலாம்" என்று பகிடி பண்ணுவாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தமக்கென்று பளீலா எடுத்துக்கொள்வது அளவான பச்சைத்தண்ணீர் மட்டுமே.

கடந்த ஏப்ரல் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்த வழக்கம் மாறியது.

நிஃப்லா கற்பிட்டிப் பெண். விடுமுறைக்குத் தாய்வீடு சென்று திரும்பியபோது, தாயாரின் தோட்டத்தில் முதன்முறையாகக் காய்த்த பழம் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். மஞ்சள் நிறமாய், ஐந்து வரம்புகளோடு, மெழுகு பூசியது போலப் பளபளத்தது. கன்று விற்றவர்கள் சொன்ன பெயரையே அவளும் சொன்னாள்: ஸ்டார் புரூட். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம். பிள்ளைகள் அந்த நட்சத்திரங்களைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு வளவெல்லாம் ஓடினார்கள்.

பளீலா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது தமரத்தங்காய் எல்லோ. எங்கட ஊட்டுக் கிணத்தடியில நிண்டது. இதுக்குப் போய் இங்கிலீசில பேர் வச்சிருக்கிறீங்க" என்றார்.

அது சீனி வருத்தக்காரருக்கு மிகவும் நல்லதென்று தான் கைப்பேசியில் பார்த்ததாக நிஃப்லா சொன்னாள். பொய் சொல்லவில்லை; அப்படிச் சொல்லும் காணொளியை எனக்கும் காட்டினாள். இனிப்பும் குறைவு, சீனியும் போடத் தேவையில்லை. இத்தனை ஆண்டுகளாக எல்லோரும் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முதன்முறையாகத் தாமும் குடிக்கக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து முஸம்மில் வந்ததும் இயந்திரம் சுழன்றது. அன்னாசி பாதி, தமரத்தை பாதி. கிளாசின் விளிம்பில் ஒரு நட்சத்திரத் துண்டைக் குத்தி, என் கையில் தந்தார் பளீலா. புளிப்பும் இனிப்புமாய் நெஞ்சுவரை குளிர்ந்தது. நான் ஒரு கிளாஸ் குடித்தேன். பிள்ளைகள் இரண்டிரண்டு குடித்தார்கள். பளீலாவும் நிறைவாய் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, வீணாக்கக் கூடாது என்று ஜக்கில் ஒட்டியிருந்ததையும் தண்ணீர் விட்டு அலசிக் குடித்தார். அவர் அவ்வளவு மகிழ்ச்சியாகக் குடித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பின்னர் அவருக்கு விக்கல் தொடங்கியது.

யாரோ உம்மாவை நினைக்கிறார்கள் என்று முஸம்மில் சிரித்தான். "நினைக்கிறவன் வந்து வாயால கேக்கட்டும்" என்று விக்கலுக்கு நடுவே பளீலா சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சீனி கொடுக்க இயலாது. மூச்சை அடக்கச் சொன்னார்கள், முதுகில் தட்டினார்கள். புளிப்பு விக்கலை நிறுத்தும் என்று பளீலாவே சொல்லி, குளிர்சாதனப் பெட்டியில் எஞ்சியிருந்த பழரசத்தைக் கேட்டு வாங்கி, மேலும் ஒரு கிளாஸ் குடித்தார். எவரும் தடுக்கவில்லை. தடுப்பதற்கு அந்த வீட்டில் ஒருவரிடமும் ஒரு காரணமும் இருக்கவில்லை.

காலையில் நான் சென்றபோதும் விக்கல் நின்றிருக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "வள்ளம் வந்திட்டா?" என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு முறையேனும் என்னை 'டீச்சர்' என்று அழைக்காமல் பேசியவர் அல்லர். வாகனத்தில் ஏற்றும்போது அவருடைய கைகால்கள் இழுத்துக்கொண்டன.

வைத்தியசாலையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பார்த்தார். சிங்களவர், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். சிறுநீரகக் கிளினிக் நோயாளி என்று அறிந்தவுடன் அவர் கேட்ட முதற்கேள்வியே, "அம்மா பிலிங் சாப்பிட்டதா? காமரங்கா சாப்பிட்டதா?" என்பதுதான். இரண்டும் புளிப்புக் காய்களின் சிங்களப் பெயர்கள்.

"இல்ல டொக்டர். உம்மா அதெல்லாம் தொடவே மாட்டா. காமரங்கா மரத்தையே வெட்டிட்டா" என்றான் முஸம்மில்.

மருத்துவர் தலையசைத்துவிட்டு வேறு காரணங்களைத் தேடலானார். இரத்தம் எடுத்தார்கள், தலையைப் படம்பிடிக்க அனுப்பினார்கள். நான் வாங்கில் அமர்ந்தபடி, அந்த வளவில் காமரங்கா மரம் எப்போது நின்றது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மரம் அங்கு நின்றதே இல்லை. முஸம்மிலை அழைத்து, எந்த மரத்தைச் சொன்னாய் என்று கேட்டேன்.

"அம்பரெல்லா மரம்தான் டீச்சர். காமரங்காண்டு சிங்களத்தில அதத்தானே சொல்ற? கிளினிக்கால வந்து உம்மாதான் சொன்னா."

காமரங்கா, அம்பரெல்லா. ஓசையில் நெருங்கிய இரண்டு சொற்கள். கிளினிக்கில் யாரோ வேகமாகச் சிங்களத்தில் சொன்ன ஒரு பெயரை, தாம் அறிந்த இன்னொரு பெயரோடு பளீலா பொருத்திக்கொண்டுவிட்டார். குற்றமற்ற மரத்தை வெட்டுவித்தார். உண்மையான காமரங்காவை அவர் பிறந்த ஊரில் தமரத்தை என்றார்கள். மருமகளின் வீட்டில் ஸ்டார் புரூட் என்றார்கள். காமரங்கா என்ற பெயரைக் காவலுக்கு வைத்த வாசலாலேயே, வேறு பெயரில் அது உள்ளே வந்து கிளாசின் விளிம்பில் அமர்ந்துவிட்டது.

எழுந்து ஓடும் வயதைக் கடந்தவள் நான்; அன்று ஓடினேன். நேற்று அவர் குடித்தது காமரங்காப் பழரசமேதான் என்று மருத்துவரிடம் சிங்களத்தில் சொன்னேன். எத்தனை பழம் என்று அவர் கேட்டார். என் பின்னால் நின்ற நிஃப்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் நின்ற இடத்திலேயே நிலத்தில் அமர்ந்துவிட்டாள்.

சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு ஒரு பழமே நஞ்சாகலாமாம். மற்றவர்களை அந்த அளவு ஒன்றும் செய்யாதாம். அதே ஜக்கிலிருந்து குடித்த நான் அங்கு நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இதை இன்றுவரை என் மனம் ஏற்க மறுக்கிறது.

பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். எதற்குத் தப்ப வேண்டுமென்று ஆண்டுக்கணக்காக நாக்கைக் கட்டினாரோ, அந்த இயந்திரத்திலேயே அவரைப் போட்டார்கள். விக்கல் நின்றது. தெளிவும் திரும்பியது. எனினும் இதயம் தளர்ந்துவிட்டது என்றும், வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றும் மருத்துவர்கள் முஸம்மிலிடம் கூறினார்கள்.

உறவினர்கள் வந்து கட்டிலைச் சூழ்ந்தார்கள். றவூபின் தங்கை றஹ்மா, கதவு திறந்திருப்பது தெரிந்தும் குரலைத் தாழ்த்தாமல், "தாய் ஊட்டால கொண்டந்த சீதனம் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார். முஸம்மில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிஃப்லா வெளியே படிக்கட்டில் அமர்ந்திருந்தாள். எத்தனை முறை அழைத்தும் உள்ளே வரவில்லை.

பளீலா என்னை அருகே அழைத்து, எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டார். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. தமரத்தைக்கும் காமரங்காவுக்கும் பொருள் ஒன்றே என்று சொன்னேன். அவர் கண்களை மூடித் திறந்தார்.

"அப்ப, அம்பரெல்லா?"

"அதை அவர்கள் விலக்கவில்லை, பளீலா."

"சும்மா நிண்ட மரத்தை வெட்டிட்டன்" என்றார். உதட்டில் சிரிப்பைப் போல ஏதோ ஒன்று அசைந்தது. றஹ்மாவின் குரல் மறுபடியும் வாசலில் கேட்டது. பளீலா தலையைத் திருப்பிச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் விரலைப் பிடித்து இழுத்தார்.

"நிஃப்லாவக் கூப்பிடுங்க டீச்சர். நான் கூப்பிடுறண்டு சொல்லுங்க, வருவா. இவங்க எல்லாரும் பாத்துக்கிட்டு இரிக்கக்குள்ள, அவட கையால எனக்கு ஒரு முடக்குத் தண்ணி தரச் சொல்லுங்க."