எக்ஸ்ரே படத்தில் வெட்டிய இலைகள்

என் நாத்தனாருக்கு வலது மணிக்கட்டு உடைந்தது ஐப்பசி மாதத்தில். அஸ்தினாபுரத்தில் தன் ஃபிளாட்டின் மொட்டை மாடியில், மழைக்கு முன் துணியை எடுத்துவிடலாம் என்று போனவர் பாசியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறார். மறுநாளே என் கணவர் ஆட்டோவில் அவரைச் சிட்லபாக்கத்துக்கு அழைத்து வந்துவிட்டார். முழங்கை வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் என்றார்கள்.

அவர் என் கணவருக்கு எட்டு வயது மூத்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் நடந்ததில்லை. சண்டை வராத அளவுக்கு இரண்டு பேரும் தள்ளியே இருந்தோம். பொங்கலுக்கு வருவார், சாப்பிடுவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார், ஏதாவது ஒன்றைத் திருத்திவிட்டுப் போவார். காலண்டர் கோணலாக மாட்டியிருப்பது, என் மகன் ஏழு என்ற எண்ணைக் குறுக்குக்கோடு போடாமல் எழுதுவது, இந்த மாதிரி. அவர் போனதும் நான் காலண்டரைப் பழையபடி கோணலாக்கி வைத்த நாட்கள் உண்டு.

அந்தச் சமயத்தில் நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் வெளியூரில் இருந்தான். கணவர் காலையில் கிண்டிக்கு ரயிலேறினால் மாலையில்தான் வருவார். மாடியில் இருக்கும் ஒரே அறையில் நான் காகிதங்களில் அச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். யாரிடமும் போய்க் கற்கவில்லை. போனில் ஒரு வீடியோ பார்த்தது, அதிலிருந்து இன்னொன்று, அப்படித்தான். முதலில் மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி அதில் சாயம் கலந்து காகிதத்தில் தடவி, ஈரமாக இருக்கும்போதே சீப்பால் இழுத்துப் பார்த்தேன். அலை அலையாக வந்தது. பிறகு பூவரசு இலையின் பின்பக்கம் பெயிண்ட் தடவி ஒற்றினேன். நரம்புகள் விழுந்தன. கடைசியில், வடிவத்தை ஓட்டையாக வெட்டிய தகட்டின் மேல் பெயிண்ட் தட்டும் ஸ்டென்சிலுக்கு வந்து சேர்ந்தேன். மற்றவற்றில் ஒரு காகிதம் போல் இன்னொன்று வராது. ஸ்டென்சிலில் வரும், அல்லது வரும் என்று நாம் நம்பலாம்.

ஸ்டென்சில் வெட்டுவதற்குப் பழைய எக்ஸ்ரே படங்களைவிட நல்ல பொருள் எனக்குக் கிடைக்கவில்லை. அட்டை இரண்டு நாளில் ஊறிப்போகும். எக்ஸ்ரே படத்தைப் பிளேடு வழுக்காமல் வெட்டலாம், கழுவலாம், நூறு முறை வைத்து எடுக்கலாம். இறந்துபோன என் மாமியாருடைய நெஞ்சு எக்ஸ்ரேக்கள் பீரோவின் மேல் ஒரு கட்டாக இருந்தன. பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் கறுப்பெல்லாம் போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அதில்தான் மாங்காய், தாமரை, கிளி என்று வெட்டிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மாவோடதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சரி என்று பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

நாத்தனார் வந்த வாரம்தான் பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர், தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்குத் தாம்பூலம் போட்டுக் கொடுக்க நூற்றைம்பது காகிதப் பைகள் கேட்டிருந்தார். அவ்வளவு பெரிய எண்ணிக்கையை நான் அதுவரை செய்ததில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கத்துக் காகிதக் கடையில் கெட்டியான பிரவுன் பேப்பர் வாங்கிவந்து, வெற்றிலைக்கொடி போல ஒரு பார்டரும் நடுவில் ஒரு கிளியும் என்று தீர்மானித்தேன். இலைப் பார்டருக்கு நீளமான படம் வேண்டியிருந்தது. பீரோ மேலிருந்து கைக்கு வந்ததை எடுத்து, அவசரத்தில் பிளீச்சிங்கில் போடாமல் அப்படியே வெட்டினேன். ஒன்பது இலைகள்.

நாத்தனார் முதல் நான்கு நாள் கீழே உட்கார்ந்து டிவி பார்த்தார். ஐந்தாம் நாள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவருகில் நின்று, துணிக்கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது சாஞ்சிருக்கு. இதுவும். அது மட்டும் நேரா இருக்கு."

"கையால பண்றது, அக்கா. கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்."

"கையால பண்ணினா சாஞ்சுதான் இருக்கணும்னு இல்ல."

அன்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் அவர் கீழே கிடந்த பழைய அட்டைப்பெட்டியிலிருந்து எல் வடிவத்தில் ஒரு துண்டை என்னையே வெட்டித் தரச் சொல்லி, அதை மேஜையில் ஒட்டச் சொன்னார். காகிதத்தின் மூலையை அந்த எல்லுக்குள் முட்டவைத்துவிட்டு, ஸ்டென்சிலையும் அதன் மேலேயே முட்டவைத்தால் ஒவ்வொரு தடவையும் இலை அதே இடத்தில் விழும். மிகச் சாதாரண விஷயம். இரண்டு வருடமாக எனக்குத் தோன்றவில்லை.

அதன்பின் தினமும் வந்தார். பத்து மணிக்கு வருவார், ஒரு மணிக்குச் சாப்பிட இறங்குவார், பள்ளிக்கூடம் மாதிரி. நான் ஸ்பாஞ்சில் பச்சையைத் தொட்டு, பாதியைப் பழைய பேப்பரில் ஒற்றி எடுத்துவிட்டு, இலை ஓட்டைகளில் மெல்லத் தட்டுவேன். ஸ்பாஞ்சில் பெயிண்ட் அதிகமானால் படத்துக்கு அடியில் ஊர்ந்து இலையின் விளிம்பு கெட்டுவிடும். அவர் இடது கையால் காகிதத்தை எடுத்துக் கொடுப்பார், அச்சானதைக் கொடியில் மாட்டுவார், ஸ்டென்சில்களை வாளியில் கழுவித் துடைத்து வைப்பார். பேச்சு அதிகமில்லை. "பச்சை தீர்ந்துடுச்சு," "மழை வருது, ஜன்னலைச் சாத்து," இவ்வளவுதான்.

ஐம்பது காகிதங்கள் முடிந்திருந்த நிலையில் ஒரு சனிக்கிழமை, என் கணவருக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்ததால் நாங்கள் இருவரும் திருநீர்மலைக்குப் போனோம். கட்டுப் போட்ட கையோடு மலைப்படி ஏற முடியாது, வரவில்லை என்றார் நாத்தனார். பெருமாள் சேவித்துவிட்டு இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வீடு திரும்ப மூன்று மணி ஆகிவிட்டது.

மேஜையின் மேல் காகிதங்கள் அடுக்கப்பட்டு, அசையாமல் இருக்க மேலே ஒரு தடித்த டிக்‌ஷனரி வைக்கப்பட்டிருந்தது. நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை விரல்களெல்லாம் பச்சை.

"நாற்பது முடிச்சுட்டேன். எல்லாம் நேரா இருக்கு, பாரு."

நான் டிக்‌ஷனரியை எடுத்துவிட்டு மேல் காகிதத்தைத் தூக்கினேன். அடியிலிருந்ததும் சேர்ந்து வந்தது. பிரித்தேன். டர்ரென்று சத்தம். ஒரு காகிதத்தின் கிளி இன்னொன்றின் முதுகில் பாதி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அக்ரிலிக் பெயிண்ட் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஒருநாள் முழுக்கத் தொங்கவிடாமல் அடுக்கினால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அவர் புதிதாகப் போட்டதோடு நிற்கவில்லை. அறையைச் சுத்தமாக்குவதாக நினைத்து, கொடியில் இருந்த பழைய ஐம்பது காகிதங்களையும் எடுத்து அதே அடுக்கில் இடையிடையே சேர்த்திருந்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

"உங்களை யாருக்கா இதெல்லாம் செய்யச் சொன்னா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது என் ரூம். இங்கயும் வந்து எல்லாத்தையும் திருத்தணுமா? ஒரு இடமாவது எனக்குன்னு விடமாட்டீங்களா?"

என் கணவர் படியிலேயே நின்றுவிட்டார். நாத்தனார் எழுந்தார். "சரி" என்றார். இறங்கும்போது கைப்பிடி வலது பக்கம், கட்டுப் போட்ட கையின் பக்கம். அதனால் சுவரில் தோளைச் சாய்த்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். சுவரில் பச்சை விரல் தடம் இரண்டு இடத்தில் பட்டது. நான் போய்ப் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான்கு நாள் அவர் மாடிக்கு வரவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், போட்டதைச் சாப்பிட்டார். நான் மறுபடி தாம்பரம் போய்க் காகிதம் வாங்கினேன். "இன்னாக்கா, அதுக்குள்ள தீந்துபூட்ச்சா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன்.

ஐந்தாம் நாள் அவருக்கு டாக்டரைப் பார்க்கும் முறை. என் கணவருக்கு லீவு கிடைக்காததால் நான்தான் குரோம்பேட்டைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். அன்று புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு, "முதல்ல விழுந்தப்போ எடுத்த படம் இருக்கா? வேற இடத்துல எடுத்தீங்களே, அது. கம்பேர் பண்ணிடலாம்," என்றார்.

நாத்தனார் மடியிலிருந்த பழுப்புக் கவரை நீட்டினார். டாக்டர் படத்தை உருவி விளக்கின் முன் வைத்தார்.

உடைந்த மணிக்கட்டு. அதன் குறுக்கே, முன்கை எலும்பிலிருந்து விரல்கள் வரை, ஒன்பது வெற்றிலைகள். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பளீரென்று வந்தது. ஓரத்தில் பச்சைத் தீற்றல் ஒன்றும் இருந்தது. மூலையில் நாத்தனாருடைய பெயர், வயது.

வந்த அன்று என் கணவர் அவருடைய படத்தையும் பீரோ மேலிருந்த பழைய கட்டின் மேலேயே போட்டிருக்கிறார். நான் பார்க்கவே இல்லை.

"இது என்னம்மா?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் சொன்னார். "நான்தான் டாக்டர் வெட்டினேன். டிசைன் போடறதுக்கு."

டாக்டர் அவரையும் மாவுக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எந்தக் கையால?"

முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் பொய்களைக் கண்டுபிடித்த டீச்சர் அவர். தன் பொய்க்கு அடுத்த வரி அவருக்குத் தெரியவில்லை. இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டினார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "கரெக்டா உடைஞ்ச இடத்துல ஒரு இலை. பரவால்ல, புதுப் படத்துல நல்லா சேர்ந்திருக்கு. இன்னும் நாலு வாரத்துல கட்டுப் பிரிச்சுடலாம்," என்று படத்தைக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆட்டோ ஏறினோம். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, கைல கட்டு? எங்க அண்ணிக்கும் இப்டிதான், ரெண்டு மாசம் ஒரே பேஜாரு," என்று தன் அண்ணி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோதுதான் நான் கேட்டேன்.

"உங்க படம்னு எப்பக்கா பார்த்தீங்க?"

"மேல வந்த ரெண்டாவது நாளே. கழுவறப்போ மூலைல பேர் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பே. இலை நல்லா வந்துகிட்டு இருந்துது." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "டாக்டர் முதல் படத்தைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். நேத்து நீ கடைக்குப் போனப்போ மேல போய் எடுத்து வெச்சேன். கொண்டு வரலன்னா அது வேற கேள்வி."

"வெட்டினது நான்தான்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் மடியிலிருந்த கவரின் மடிப்பை நீவிவிட்டார். கேட் திறந்தது. ஆட்டோ கிளம்பிய பிறகு, "அடுக்கினது என் தப்பு. தொட்டுப் பார்த்தேன், காஞ்ச மாதிரி இருந்துது," என்றார்.

"அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று ஆட்டோவில் அவருடைய கட்டுப் போட்ட கை ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப்போடாமல் இருக்க என் கையை அதன் அடியில் கொடுத்திருந்தேன். அவர் எடுக்கச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் மாடிக்குப் போனோம். நிச்சயதார்த்தத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. வீட்டில் இருந்த எல்லாக் கொடிகளையும் அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் கட்டினோம். ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் போடக்கூடாது, அதற்குமேல் தொங்கவிட இடமில்லை என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். ஐந்து நாளில் அச்சு முடிந்தது. பைகளை மடித்து ஒட்ட என் கணவரும் ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார். அவர் ஒட்டியவை மட்டும் கோணல். நானும் நாத்தனாரும் அவற்றைத் திருத்தவில்லை. பக்கத்துத் தெரு அம்மாள் வந்து வாங்கிக்கொண்டு, "கடையில வாங்கின மாதிரியே இருக்கு," என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, நாத்தனார் எடுத்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்தபோது கை வெளுத்து, மெலிந்து, மடங்காமல் இருந்தது. கைப்பயிற்சி சொல்லித்தர வந்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துத் தினம் நூறு முறை அமுக்கச் சொன்னார். நாத்தனார் இரண்டு நாள் அமுக்கிவிட்டு அதை ஓரமாக வைத்துவிட்டார். பதிலாக என் பெயிண்ட் ரோலரை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பெயிண்டைப் பரப்ப ஆரம்பித்தார். முதல் வாரம் வலியில் உதட்டைக் கடித்துக்கொள்வார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். தை பிறந்தபோது கையை முக்கால்வாசி திருப்ப முடிந்தது.

பொங்கல் முடிந்த வாரம், "நான் கிளம்பறேன்," என்றார். என் கணவர் இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னார். நான் சொல்லவில்லை. வீட்டில் இன்னொரு ஆள் இல்லாத காலை நேரங்கள் எனக்கு வேண்டியிருந்தன. அவருக்கும் வேண்டியிருந்தன என்று நினைக்கிறேன். போகும்போது ஒரு ரோலரும் மூன்று டப்பா பெயிண்டும் எடுத்துக்கொண்டார்.

எங்களுக்குள் பாசம் வந்துவிட்டது என்று சொன்னால் இரண்டு பேருமே ஒப்புக்கொள்ள மாட்டோம். போனில் எப்போதாவது பேசுகிறோம், பெரும்பாலும் எந்தக் கடையில் எந்தக் காகிதம் என்று. போன மாதம் அஸ்தினாபுரத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதங்கள். இலை, கிளி எதுவும் இல்லை. முக்கோணங்களும் அறுகோணங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக, இரண்டு நிறத்தில், மயிரிழை விலகாமல். நான் செய்பவற்றைவிட நன்றாக இருந்தன. அதைச் சொன்னேன்.

"இது சரியா வரல," என்று ஒன்றைக் காட்டினார். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். நான் சேரை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் ஏழு காகிதங்கள் ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பினேன்.