புள்ளியக்கா கையெழுத்திடாத பக்கம்

அச்சகத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து பைண்டிங் செய்பவர்வரை எல்லாருக்கும் அவர் புள்ளியக்காதான். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால், அது நானூறு பக்கப் புத்தகத்தின் எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வார்களே, பிழை திருத்துபவராக அதையே இருபத்தாறு வருடமாகத் தொழிலாகச் செய்துவருபவர்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மேற்கோள் என்று ஒன்று வந்துவிட்டால் நினைவை நம்பித் திருத்த மாட்டார். மூல நூலைப் பக்கத்தில் விரித்து வைத்து, எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே தாளின் அடியில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கமும் எந்திரத்துக்குப் போகாது. "தெரிஞ்சதுலதான் தப்பு வரும். தெரியாததை எவனும் பாத்துத்தான் எழுதுவான்" என்பார்.

அவர் போகும் சபையின் போதகர் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய ஒரு சிறு நூல் அச்சுக்கு வந்தது. தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவரும் ஒரே கடவுள் என்ற திரித்துவக் கொள்கைக்கு வேதாகமத்தில் ஆதாரம் உண்டு என்று நிறுவும் நூல். பிள்ளைப் பருவத்திலிருந்தே அதை நம்பி வந்த புள்ளியக்காவுக்கு, அந்த வேலை தன் மேசைக்கு வந்ததில் ஏக சந்தோஷம். நூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள். ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போனவர், நாற்பத்தோராம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

யோவானின் முதல் கடிதத்தில் வரும் வசனம் அது. பரலோகத்தில் சாட்சி சொல்பவர்கள் மூவர், அந்த மூவரும் ஒன்று என்று சொல்வது. போதகர் அதைத்தான் நூலின் தலையாய ஆதாரமாக வைத்திருந்தார். புள்ளியக்காவுக்கு அது தலைகீழ் மனப்பாடம். இருந்தாலும் வழக்கத்தை விடாமல் எடுத்துப் பார்த்தார். வீட்டிலிருந்த பழைய மொழிபெயர்ப்பில் இருந்தது. அச்சக அலமாரியிலிருந்த புதிய மொழிபெயர்ப்பில் அந்த வரிகளைக் காணோம். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பழமையான கிரேக்கப் பிரதிகளில் இவை இல்லை. இன்னும் இரண்டு மொழிபெயர்ப்புகளைத் தேடிப் பிடித்தார். இரண்டிலும் அதே கதை.

அவர் இதைக் கேட்பது முதல் தடவை அல்ல. இதே செய்தியைப் பதினோரு வருடத்துக்கு முன்பு ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னவர் அவருடைய தங்கையின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிச் சில வருடங்களில் அவரும் தங்கையும் திரித்துவத்தை ஏற்காத வேறொரு கிறிஸ்தவக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள். ஒருநாள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு அதில் போய் முட்டியது. புள்ளியக்கா இந்த வசனத்தைக் கடகடவென்று ஒப்பித்தார். மெக்கானிக் சிரித்துவிட்டு, அது பின்னால் யாரோ நுழைத்தது என்றார். "பொய் பேசுற வாய்க்கு என் வீட்டுல சாப்பாடு இல்ல" என்றார் புள்ளியக்கா. மெக்கானிக் எழுந்து கையைக் கழுவினார். தங்கையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். அதன் பிறகு அம்மாவின் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றதுதான் அக்கா தங்கை ஒன்றாக இருந்த ஒரே நாள்.

அந்த வசனம் வேதாகமத்துக்குள் எப்படி நுழைந்திருக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அச்சகத்தில் ஒருமுறை ஒரு பொறியாளர் எழுதிய பம்பு கையேடு வந்தது. தனக்கு ஞாபகத்துக்காக அவர் ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்ததையும் சேர்த்து அச்சுக் கோத்துவிட்டார்கள். 'அழுத்தம் குறைந்தால் மருமகனிடம் கேட்டுக்கொள் வால்வை மூடவும்' என்று புரூஃப் வந்து நின்றது. ஓரக் குறிப்பு அடுத்த பிரதியில் வரிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வதை அவர் எத்தனையோ தடவை பார்த்தவர். பிற்காலத்தில் லத்தீன் மொழிபெயர்ப்பைப் படியெடுத்தவர் எவரோ பக்தியோடு ஓரத்தில் எழுதி வைத்த விளக்கம், அடுத்தவர் கையில் வசனமாகியிருக்கலாம் என்று அறிஞர்கள் சொல்வதைப் படித்தபோது, அவருக்கு அந்த மருமகன்தான் ஞாபகத்துக்கு வந்தார். சிரிப்பு வரவில்லை.

போதகரிடம் ஓடுவதற்கு முன் மற்ற நூற்றுப் பதினோரு இடங்களையும் ஒப்பிட்டு முடித்து, வேதாகமத்தில் அவற்றை முன்னும் பின்னுமாக இன்னொரு முறை படித்தார். இந்தத் தடவை பிழைக்காக அல்ல, தனக்காக. திரித்துவம் என்ற சொல்லே வேதாகமத்தில் எங்கும் இல்லை. தந்தை என்னிலும் பெரியவர் என்று இயேசு சொல்கிறார். கடைசி நாள் எப்போது என்று மகனுக்கும் தெரியாது என்கிறார். மெக்கானிக் வாதாடியது ஒன்றுமில்லாததை வைத்து அல்ல. அதே சமயம், ஆதியில் இருந்த வார்த்தை கடவுளாகவே இருந்தது என்றும் எழுதியிருக்கிறது. மூவரின் பேரையும் ஒரே மூச்சில் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்து கொள்கையாக எழுதி வைக்கவில்லை. ஆனால் மூவரும் சேர்ந்தே வந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு வாரப் படிப்புக்குப் பின் அவர் நம்பிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ஒரு வசனம் மட்டும் கழன்று கையில் வந்துவிட்டது.

அவருடைய கணவர் தையல்காரர். வாயைத் திறந்தால் ஊசி விழுந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்போல இருப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, பட்டன் தைத்துக்கொண்டே சொன்னார். "அளவு எடுக்கிறப்ப வயித்தை எக்கிக்கிட்டா, அப்புறம் சட்டைதான் பத்தாமப் போகும்."

சபை அலுவலக அறையில் ஒரு இரும்பு அலமாரி, நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். புள்ளியக்கா பக்கத்தை நீட்டினார். போதகர் அதைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும்மா. இறையியல் படிக்கிறப்பவே சொல்லிக்கொடுத்தாங்க."

"தெரிஞ்சுமா, ஐயா?"

"சபையில பாதிப் பேருக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச வசனம் அது ஒண்ணுதான். அதைப் பிடுங்கிட்டா அவங்க கையில என்ன இருக்கும்?"

"மீதி நூத்திப் பதினொண்ணு இருக்கு. நான் நம்புறதாலதான் சொல்றேன், ஐயா. நல்லா நிக்கிற வீட்டுக்குப் பொய்த்தூண் எதுக்கு? அதை ஒருத்தன் தட்டிப் பாத்தா, மத்த தூணையும் சந்தேகப்படுவான்."

போதகர் பிடி கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தப் பக்கத்தில் தன் கையெழுத்து விழாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார் புள்ளியக்கா. அச்சக முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். சாமி விஷயத்தில் நமக்கென்ன வேலை, எழுதியவர் பாடு படிப்பவர் பாடு என்று எவ்வளவோ சொன்னார். புள்ளியக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், பேனாவை மட்டும் எடுக்கவில்லை. நான்கு நாள் எந்திரம் அந்தப் புத்தகத்துக்காகக் காத்துக் கிடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் போதகரே அச்சகத்துக்கு வந்தார். நாற்பத்தோராம் பக்கத்தில் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, தன் கையால் வேறு எழுதியிருந்தார். பலரும் அறிந்த இந்த வசனம் பழமையான பிரதிகளில் இல்லாததால் அதை நாம் சாட்சிக்கு அழைக்கப்போவதில்லை. நம் நம்பிக்கை அதில் தொங்கிக்கொண்டிருக்கவும் இல்லை என்று. எழுதி முடிக்க நான்கு நாள் ஆனதாம். புள்ளியக்கா இருமுறை படித்தார். 'இல்லாததால்' என்பதில் கடைசிப் புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த வார இறுதியில் அவர் தங்கை வீட்டுக்குப் போனார். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடி. மூச்சு வாங்க நின்றவருக்குத் தங்கை கதவை அகலத் திறந்தாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். மெக்கானிக் எழுந்து நின்றார். புள்ளியக்கா உட்காரவில்லை.

"தம்பி, அந்த வசனத்துல நீங்க சொன்னது சரி. உங்களைப் பொய் பேசுறவர்னு சொன்னேன். நான்தான் பாக்காம பேசியிருக்கேன். மன்னிச்சிருங்க. மத்ததுல நான் மாறல."

மெக்கானிக் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "சரியானதைத்தான் சொன்னேன், அக்கா. ஆனா ஜெயிச்சுட்டேன்னு சிரிச்சேன் பாருங்க, அது சரியில்ல. உங்களைவிட எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு." பிறகு மெதுவாகச் சேர்த்தார். "ஆனாலும் உங்க சபை பிடிச்ச முயலுக்கு மூணு கால்தான்."

"உங்க முயலுக்கு ஒத்தைக் கால். அது எப்படி ஓடுதுன்னு முதல்ல சொல்லுங்க" என்றார் புள்ளியக்கா. தங்கை அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. அப்புறம்தான் புள்ளியக்கா உட்கார்ந்தார்.

அதோடு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. புத்தகம் வெளிவந்ததும் சபையில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பரம்பரையாகச் சொல்லிவந்த வசனத்தில் கைவைக்க ஒரு அச்சகக்காரி யார் என்று ஒரு மூப்பர் கூட்டத்தில் கேட்டார். அது தன் முடிவு என்று போதகர் எழுந்து பதில் சொன்னார். மெக்கானிக் தன் கூட்டத்தார் அச்சடிக்கவிருந்த துண்டுப் பிரசுரத்தைத் தானாகவே புள்ளியக்காவிடம் கொண்டுவந்து காட்டினார். அதில் ஒரு அறிஞரின் வாக்கியம் பாதியில் வெட்டி எடுக்கப்பட்டு, நேர் எதிரான அர்த்தத்தில் நின்றது. மூல நூலைத் திறந்து மீதிப் பாதியைக் காட்டினார் புள்ளியக்கா. மெக்கானிக்குக் காது சிவந்தது. அதைத் திருத்தச் சொல்லி அவர் தன் ஆட்களோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினார். திருத்தினார்கள். ஆனால் இரண்டு பேர் இன்றுவரை அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்போது இரண்டு குடும்பத்தாரும் மாதம் ஒருமுறையாவது சந்திக்கிறார்கள். புள்ளியக்காவும் மெக்கானிக்கும் புத்தகங்களை விரித்து வைத்து வாதாடுவார்கள். தையல்காரர் ஓரமாக உட்கார்ந்து தூங்கிவிடுவார். போன தடவை வாதம் முற்றியபோது, கணவரோடு அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தாலும் இத்தனை வருடமாக இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாத தங்கையின் பக்கம் இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி, நீ எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதுக்கு அப்புறம்தான் வேதாகமத்தை முதல் பக்கத்துலேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன்" என்றாள் அவள். "இன்னும் பாதிகூடத் தாண்டல. முடிச்சுட்டுச் சொல்றேன்."