ஓடாத வண்டிக்குப் பத்து மாதம்

மருதப்பனால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அவன் பார்த்த வேலையும் அப்படி. சிங்கப்பூருக்குப் புதுத் தமிழ்ப் படம் வந்தால் இரண்டு சினிமாக் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே பிரதிதான். தேக்கா கொட்டகையில் ஒரு சுருள் ஓடி முடிந்ததும் அதைத் தகரப் பெட்டியில் வைத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு தஞ்சோங் பகார் கொட்டகைக்குப் பறப்பான். அங்கே கூட்டத்தில் விசில் கிளம்புவதற்குள் சேர்த்துவிட்டு அடுத்த சுருளுக்கு ஓடி வருவான். ஏழு வருஷம் இப்படி.

1957 பிப்ரவரியில் ஒரு மாலைக் காட்சியின் நடுவில், பெட்டியோடு படி ஏறும்போது இருமி ரத்தம் கக்கினான். ஆஸ்பத்திரியில் காச நோய் என்றார்கள். பத்து மாதமாவது வார்டில் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். வண்டியை யாரோ தள்ளிக்கொண்டு வந்து அவன் குடியிருந்த நாரிஸ் ரோட்டு மாடி வீட்டின் பின் சந்தில், மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டுப் போனார்கள்.

அவன் மனைவி பாக்கியலட்சுமி மிளகாய் அரவை மில்லில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கஞ்சியும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள். அவன் அவளைப் பார்த்ததும் கேட்டது ஒன்றுதான்.

"பெட்ரோல் டேப்ப மூடினியா?"

"என்ன டேப்பு?"

"டேங்குக்கு அடியில லா! திறந்தே கிடக்கும். கார்புரேட்டர்ல பெட்ரோல் நின்னுச்சுன்னா பசையா காஞ்சிரும். அப்புறம் வண்டி போச்சு."

"நான் எப்படி இருக்கேன்னு கேட்கலையே நீங்க" என்றாள் அவள். அவன் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் சந்துக்குள் நுழைந்ததும் பெட்ரோல் நாற்றம். டேப்புக்குக் கீழே தரை நனைந்திருந்தது. நாலடி தள்ளி, கீழ்வீட்டு அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. கையில் கிடைத்த துணியைச் சுற்றி டேப்பைத் திருகி மூடினாள். அன்று ராத்திரி இரண்டு தடவை இறங்கிவந்து முகர்ந்து பார்த்தாள்.

அடுத்த ஞாயிறிலிருந்து அவன் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டாள். டேப்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதைத் தகர டப்பாவில் வடித்துவிட வேண்டும். டேங்கை மட்டும் காலியாக விடக் கூடாது. ஈரக்காற்று புகுந்து உள்ளே துருப்பிடிக்கும், டேப்பில் இருக்கும் கார்க் தக்கையும் காய்ந்து சுருங்கி மறுபடி ஒழுகும். அதனால் டேங்கில் கழுத்து வரை நல்ல பெட்ரோல்.

அவள் சொல்வதை அவன் நம்பவில்லை. "என்ன கலர்ல வந்துச்சு? வாசனை எப்படி?" என்று துளைத்தான். பொறுக்க முடியாமல் ஒரு வாரம் வடித்ததை மருந்து பாட்டிலில் ஊற்றி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் மூடியைத் திறந்து முகர்ந்தான். வார்டு முழுக்க நாறியது. நர்ஸ் ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தாள்.

"கெட்டுப் போச்சு, பாக்கியம். வார்னிஷ் வாசனை வருது. உள்ளே அடைச்சிருக்கும்" என்றான். அதற்குப் பிறகு அவன் சரியாகத் தூங்கவில்லை.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. மில்லில் பாதி நாள்தான் வேலை. பாக்கியலட்சுமி சந்தில் சாக்கை விரித்து, கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் எதிரே மருதப்பன். வார்டு உடுப்பின் மேல் யாருடைய சட்டையோ, காலில் வார்டு செருப்பு. பஸ் ஏறி வந்திருந்தான். மூச்சு இரைத்தது.

"என்னங்க இது! சொல்லிட்டு வந்தீங்களா?"

"அத விடு. ஜெட்ட எடு."

பெட்ரோல் போகிற பொடி ஓட்டை உள்ள பித்தளைத் துண்டு அது. ஓட்டையில் செம்மண் நிறத்தில் பசை. கம்பியால் குத்தப்போனவளை அவன் தடுத்தான். "குத்தாதே, ஓட்டை பெருசாயிரும். ஊதணும்." வாங்கி உதட்டில் வைத்து ஊதினான். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினான். இருமல்தான் வந்தது. குனிந்து மாடிப்படியைப் பிடித்துக்கொண்டான். அழுகிறானா இருமுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் அந்தத் துண்டைப் புதுப் பெட்ரோலில் இரண்டு முறை அலசினாள். கொஞ்ச நேரம் ஊற வைத்தாள். எடுத்துத் துடைத்து, கன்னம் வலிக்க ஊதினாள். மூன்றாவது ஊதலில் ஒரு துளி பசை தெறித்தது. தூக்கிப் பார்த்தாள். ஓட்டை வழியே வெளிச்சம் வந்தது.

கார்புரேட்டரை மறுபடி பூட்டி, டேப்பைத் திறந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உதைத்தாள். பதினோராவது உதையில் வண்டி இருமிக் கிளம்பியது. பக்கத்து வீட்டு நூருல் அமீன் சன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். மருதப்பன் கைப்பிடியை எட்டிப் பிடிக்க வந்தான்.

"கை வைக்காதீங்க. நீங்க ஏறினா நான் இனிமே வார்டுப் பக்கம் வரமாட்டேன்."

டேப்பை மூடினாள். கார்புரேட்டரில் மிச்சமிருந்த பெட்ரோல் தீரும் வரை இன்ஜின் ஓடித் தானாக நின்றது. பிறகு டாக்சி பிடித்து அவனை வார்டில் கொண்டுபோய் விட்டாள். வழியெல்லாம் அவன் அவள் கையைப் பிடித்திருந்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

டிசம்பரில் வீடு திரும்பினான். சுருள் தூக்கும் வேலை வேறொருவனுக்குப் போயிருந்தது. இன்னும் ஒரு வருஷம் வண்டியில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொட்டகை வாசலில் நின்று டிக்கெட் கிழித்தான். படம் ஓடும்போது வெளியே நடந்துகொண்டே இருப்பான்.

அடுத்த வருஷம் நூருல் அமீன் ஆறு மாதத்துக்கு நாகப்பட்டினம் கப்பல் ஏறினார். கிளம்புவதற்கு முந்தின நாள் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சந்தில் நிறுத்தினார்.

"தம்பி மருதப்பன், தப்பா நினைக்காதீங்க. வண்டிய தங்கச்சி பாக்கியத்துகிட்ட விட்டுட்டுப் போறேன்" என்றார்.

மருதப்பன் சிரித்துவிட்டான். அவர் திரும்பி வந்து உதைத்தபோது இரண்டாவது உதையிலேயே வண்டி கிளம்பியது. அந்தப் பேச்சு சிராங்கூன் ரோடு முழுக்கப் பரவியது. அறுபதுகளில் ஊருக்குப் போகிறவர்கள் விட்டுச்சென்ற வண்டிகள் எப்போதும் மூன்று நாலு அந்தச் சந்தில் நின்றன. ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை பாக்கியலட்சுமி ஒவ்வொன்றாய் உதைத்துப் பார்ப்பாள். மருதப்பன் தன் வண்டியில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தான்; ஆனாலும் அந்தச் சனிக்கிழமைகளில் எங்கும் போகமாட்டான். அவள் பின்னால் குறுக்கும் நெடுக்குமாய் நடந்துகொண்டு, "டேப்பு, பாக்கியம், டேப்பு" என்பான்.

"தெரியும், போங்க" என்பாள் அவள்.