பசுவந்தனை ரோட்டில் துரத்தியவர்கள்

எழுபதுகளின் கடைசியில், கோவில்பட்டித் தீப்பெட்டிகளுக்கு ஆர்டர் பிடிப்பது என் வேலை. தரையோடு படுத்த மாதிரி இருக்கும் பழைய சீமை ஸ்போர்ட்ஸ் காரில் மதுரை, கொல்லம் என்று பறப்பேன். மற்றவர்கள் ஐந்து வருடத்தில் ஓட்டும் தூரம் எனக்கு ஒரே வருடத்தில் ஓடிவிடும்.

அன்று மத்தியானம் பசுவந்தனை ரோட்டில் வந்துகொண்டிருந்தேன். போகிற வண்டிகள் மிதித்துப் மணி உதிரட்டும் என்று ரோட்டில் காய்ந்த உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். எப்போதும்போல வேகத்தைக் குறைக்காமல் அதன்மேல் ஏற்றினேன். காரின் அடியில் செடி சரசரவென்று உரசியது.

முன்னால் தொங்கும் கண்ணாடியில் பார்த்தால், நாலைந்து பேர் கம்போடு கத்திக்கொண்டு துரத்தி வருகிறார்கள். ஒருவர் சைக்கிளில். யார் மேலாவது ஏற்றிவிட்டேனா? ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன்.

அடுத்த வளைவிலேயே செம்மறி ஆட்டு மந்தை ரோட்டை அடைத்து நின்றது. காரை நிறுத்தி, கதவைப் பூட்டிக்கொண்டேன். சைக்கிள்காரர் வந்து ஜன்னலைத் தட்டினார்.

"அண்ணாச்சி, எறங்குங்க! வண்டிக்கு அடியில தீ எரியுது!"

வெளியே இழுத்து அடிக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைத்து அசையாமல் இருந்தேன். கால்மாட்டில் புகை வந்த பிறகுதான் புரிந்தது. காலையிலிருந்து ஓடிக் கொதித்த சைலன்ஸரில் செடி சுற்றிப் பற்றியிருந்தது. டிக்கி நிறையத் தீப்பெட்டி.

பூட்டைத் திறந்து வெளியே குதித்தேன். அதற்குள் மற்றவர்களும் வந்து, எரிகிற செடியைக் கம்பால் இழுத்துப்போட்டு, கரிசல் மண்ணை அள்ளி அள்ளி எறிந்தார்கள்.

தீ அணைந்ததும் சைக்கிள்காரர் மூச்சிரைக்கக் கேட்டார்:

"கையக் காட்டக் காட்ட, ஏன் அண்ணாச்சி இம்புட்டு வெரசாப் போனீய?"

உங்களைப் பார்த்துத்தான் பயந்தேன் என்று எப்படிச் சொல்வது? குனிந்து, நானும் ஒரு கை மண் அள்ளிப் போட்டேன்.