வெடிக்குப் பயந்து கீரிப்பாறைக்கு

நாய் வளர்ப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. நாகர்கோவிலில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் காலையில் நாயோடு நடக்கும் எல்லோரும் அந்த நாயின் பெயராலோ சாதியாலோதான் அறியப்பட்டோம். குவைத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டுத் திரும்பியவர் லாப்ரடார் அண்ணன். பக்கத்துத் தெருக்காரர் பொமரேனியன் டீச்சர். கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்த்து வாரக் கடைசியில் ஊருக்கு வருகிறவர் ராஜபாளையம் சார். நான் நாட்டு நாய் அக்கா. மீன் சந்தைக்குப் பின்னாலிருந்து என்னைத் தொடர்ந்து வந்து, கேட்டுக்குள் நுழைந்து, 'இனி இதுதான் என் வீடு' என்று படுத்துக்கொண்ட செவலை நிறப் பெண் நாய்க்குச் சொந்தக்காரி.

அவளுக்கு உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பயம். வெடி. ஆனால் எங்கள் வீட்டுச் சுவருக்கும் மாதா கோயில் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள்தான் நடக்கலாம். முந்தின வருடத் திருவிழாவில் இரும்புக் குழலில் மருந்து அடைத்துப் போடும் முதல் கதினா வெடித்ததுமே சங்கிலியை அறுத்துக்கொண்டு சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டாள். தேடாத இடமில்லை. கடைசியில் ரயில்வே ஜங்ஷன் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிய புதரில், பாதமெல்லாம் கிழிந்து கிடந்தாள். இந்த முறையும் ஓடினால் உயிரோடு கிடைப்பாளா என்கிற நினைப்பு வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

வெடியை நிறுத்தச் சொல்லலாமே என்பீர்கள். எப்படிச் சொல்ல? இந்த முறை கடைசி நாள் தேர்ப்பவனிக்கு வெடி எங்கள் வீட்டு நேர்ச்சை. என் தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்தால் மாதாவுக்கு வெடி போடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள், நாங்கள் பின்வாங்க முடியுமா?

மைதானத்தில் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. ஒருவருக்கு வயிற்றுவலி என்றால் நான்கு பேர் மருந்து சொல்வார்கள். நாய்க்கு என்றால் நாற்பது பேர்.

"காதுல பஞ்ச வச்சு அடைச்சிரணும் மக்கா. பஞ்சுல லேசா தேங்காண்ண தொட்டுக்க. நம்ம லாப்ரடார் எந்த வெடிக்கும் அசையாது, கேட்டியா?" என்றார் அண்ணன்.

"பஞ்சு உள்ள போச்சுன்னா யாரு எடுப்பா?" என்று டீச்சர் பாய்ந்தார். "வயிறு நிறைய கஞ்சி குடுத்து, சால்வைய இறுக்கிச் சுத்தி, மடியில வச்சுக்கிடணும். எங்க குட்டிக்கு அப்படித்தான்."

டீச்சரின் குட்டி ஒரு தலையணை அளவுதான் இருக்கும். என்னுடையவளை மடியில் வைத்தால் நான் வெளியே தெரியமாட்டேன்.

ராஜபாளையம் சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். "அதெல்லாம் வேண்டாம். கடைசி நாளு எங்க கீரிப்பாறைக்குக் கொண்டு வாங்க. குவார்ட்டர்ஸ்ல இருக்கட்டும். எலை விழுந்தாக்கூட சத்தம் கேக்கும். அவ்வளவு அமைதியாக்கும்."

அப்படித்தான் தேர்ப்பவனி அன்று காலையில் அண்ணனின் ஆம்னி வேனில் கிளம்பினோம். டீச்சர் சால்வையோடு வந்தார். அண்ணன் பஞ்சோடும், சட்டைப் பை நிறைய பிஸ்கட்டோடும், எதற்கும் அசையாத லாப்ரடாரோடும் வந்தார். அது ஏன் வருகிறது என்று கேட்டதற்கு, "சும்மா, காத்து வாங்கட்டும்" என்றார்.

கீரிப்பாறை உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது. மழை விட்டிருந்தது. வரிசை வரிசையாக ரப்பர் மரங்கள், பால் வடியும் சிரட்டைகள். குவார்ட்டர்ஸ் வாசலில் ராஜபாளையம் சார் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் மாதிரி நின்று வரவேற்றார். என் நாய் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்து மணிக்கு வெயில் வந்தது.

டப்!

தலைக்கு மேல்தான். அடுத்தது கிணற்றுப் பக்கம். பிறகு வலது, இடது, தூரத்து மேடு என்று காடே வெடிக்க ஆரம்பித்தது. அவள் என் இரண்டு கால்களுக்கும் நடுவில் புகுந்து நடுங்கினாள். லாப்ரடார் வேனுக்கு அடியில் போய்விட்டது. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"அமைதின்னு சொன்னியளே சார்! இது என்னது?"

"எது?"

"இந்தச் சத்தம்!"

அவர் தலையைச் சாய்த்து உண்மையிலேயே கவனித்துக் கேட்டார். "ஓ, இதா? ரப்பர்க் காயாக்கும் வெடிக்குது. வெயிலு கண்டா அப்படித்தான். கேட்டுக் கேட்டு எனக்குக் காதுலயே விழமாட்டேங்கு!"

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். அவரை முறைக்கப் போனவள் நானும் சிரித்துவிட்டேன். வெடிக்குப் பயந்தவளை வெடிக்காட்டுக்கே கூட்டி வந்திருக்கிறோம்!

அப்போது ஒரு கொட்டை, புள்ளி புள்ளியாக, பளபளவென்று, அவள் மூக்குக்கு முன்னால் வந்து விழுந்து உருண்டது. மோந்து பார்த்தாள். காலால் தட்டினாள். அது ஓடியது. இவளும் ஓடினாள்.

"தின்ன விட்டிராத! வெசமாக்கும்!" என்று டீச்சர் கத்தினார். அவ்வளவுதான். நான்கு பெரிய மனிதர்கள் ஒரு நாயின் வாய்க்குப் பின்னால் ரப்பர்க் காட்டில் ஓடினோம். பிடுங்கினால் தரமாட்டாள். அண்ணன் பிஸ்கட்டை நீட்டினார். உடனே கொட்டையைத் துப்பினாள். மேலே டப் என்று வெடிக்கும், இவள் அண்ணாந்து பார்ப்பாள், விழுந்த இடத்துக்குப் பாய்வாள், கொட்டையைக் கவ்வி வந்து அண்ணன் முன்னால் உட்காருவாள். ஒரு கொட்டைக்கு ஒரு பிஸ்கட். மதியச் சோறு வரைக்கும் இதே வியாபாரம். ராஜபாளையம் சார் சேற்றில் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். இப்படி வயிறு வலிக்கச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

பவனி முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, சாரையும் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் திரும்பினோம். எங்கள் கோயில் தேர் என்றைக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கிறது? தெருமுனையில் கூட்டம் வேனை மறித்துக்கொண்டது. தேர் அப்போதுதான் முற்றத்தை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் வேனை விட்டு இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. சங்கிலியை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றினேன்.

தம்பி பேரில் நேர்ந்த முதல் கதினா வெடித்தது. தரை அதிர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கை பிய்ந்து போகட்டும், விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தேன்.

சங்கிலி இழுபடவே இல்லை.

கண்ணைத் திறந்தேன். அவள் உட்கார்ந்து வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன. எதுவும் விழவில்லை. சுற்றிலும் தரையை மோந்தாள். பக்கத்தில் யாரோ போட்டிருந்த கடலைத் தோல் ஒன்றைக் கவ்வி வந்து அண்ணன் செருப்பின் மேல் வைத்துவிட்டு, வாலை ஆட்டினாள்.

நான் நடுத்தெருவில் உட்கார்ந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அழாத பிள்ளே, அவ ஓடல்லல்லா!" என்று டீச்சரும் மூக்கை உறிஞ்சினார். பின்னால் நின்ற வேனுக்குள் சீட்டுக்கு அடியில் லாப்ரடாரின் வால் மட்டும் தெரிந்தது.

அடுத்த கதினா வெடித்தது. அவள் மறுபடியும் அண்ணாந்தாள், மறுபடியும் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஒரு பையைத் துழாவினார், இன்னொரு பையைத் துழாவினார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மக்கா, பிஸ்கட்டு தீந்துபோச்சு."

அம்மா நேர்ந்த வெடியில் பாதிகூட முடிந்திருக்கவில்லை. ராஜபாளையம் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேருக்கு எதிர்த் திசையில், பெட்டிக்கடையைப் பார்த்து ஓடினார்.